பாம்புக் காதுக்காரர் கேட்காத நிகழ்ச்சி

எங்கள் பழைய வானொலி மன்றத்தில் எனக்குப் பட்டப்பெயர் பாம்புக் காது. பூமியின் மறுபக்கத்தில் ஒருவன் மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தால்கூட எனக்குக் கேட்டுவிடும் என்பார்கள். இதை முதலில் சொன்னவன் நான்தான். திரும்பத் திரும்பச் சொன்னதில் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நான் மிதப்பாகத் திரிந்த காலத்திலேயே என் காது பாதிக்கு மேல் போயிருந்தது. இது என் மனைவிக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ரேடியோவில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வருடமாக அதன் வயிற்றைத் திறந்துபோட்டு நோண்டிக்கொண்டிருந்தேன்.

மன்றம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில், தையல் கடைக்கு மேலே உள்ள அறையில். கடைக்காரர்தான் எங்கள் தலைவர். அறை அவருடையது என்பதால் தலைவர் பதவியும் அவருடையதாகிவிட்டது. உட்காருவதற்கு முன் நாற்காலியில் ஊசி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர்கள் ஆறு பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பல் டாக்டருக்கு மட்டும் இன்னும் அறுபது ஆகவில்லை. அதனால் டீ வாங்கி வருவது அவர் வேலை.

ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. தையல்காரருக்குக் கப்பல்களுக்கு வானிலை சொல்லும் நிலையங்கள்தான் உயிர். எங்கள் ஊரிலிருந்து கடல் எந்தத் திசை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த வளைகுடாவில் அலை எவ்வளவு உயரம் என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பார். பல் டாக்டர் தனக்குத் தெரியாத மொழி நிலையங்களை மட்டும்தான் கேட்பார். அர்த்தம் புரிந்தால் கவனம் சிதறுகிறதாம். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிடித்தது நேரம் சொல்லும் நிலையம். டிக் டிக் என்று நாள் முழுக்க அது ஒன்றுதான் வரும். பொய் சொல்லாத ஒரே நிலையம் அதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார். நான் தேடுவது தூரத்து நிலையங்கள். எவ்வளவு மெலிசாகக் கேட்கிறதோ அவ்வளவு சந்தோஷம். தெளிவாகக் கேட்டால் சீ என்று ஆகிவிடும்.

இதில் யாரும் நிகழ்ச்சியைக் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்களுக்கு வேண்டியது நிலையம். முள்ளை மெல்ல நகர்த்தி ஒரு நிலையத்தைப் பிடிக்க வேண்டும், அதன் பெயர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், பேசியதில் ஒன்றிரண்டு விவரத்தைச் சாட்சிக்காகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிரு நிமிடம் ஒலிப்பதிவும் செய்துகொள்ளலாம். பிறகு அந்த நிலையத்துக்கு எழுதிப் போட்டால், ஆமாம் நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று அழகான அட்டை ஒன்றை அனுப்புவார்கள். அவ்வளவுதான். ஒரு நாட்டில் ராஜா செத்துப்போன செய்தியை வாசித்துக்கொண்டிருந்தாலும், நிலையத்தின் பெயர் வந்துவிட்டால் நாங்கள் அடுத்த நிலையத்துக்குக் கிளம்பிவிடுவோம். எப்படிச் செத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எஃப்.எம். என்பது எங்கள் மன்றத்தில் கெட்ட வார்த்தை. பக்கத்துத் தெருவில் பேசுவதைக் கேட்பதற்கு ரேடியோ எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று தையல்காரர் கேட்பார். நாங்கள் கை தட்டுவோம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பீப் பீப் என்று சத்தம் அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று இந்த ஊரிலேயே அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் கிடையாது. அப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ரேடியோவுக்குக் கண்டென்சர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நூலகத்து மாடியில் ஊர் வானொலி ஒன்று புதிதாகத் தொடங்கினார்கள். கெட்ட வார்த்தை வானொலிதான். காதைப் பற்றி வாராவாரம் பேச ஆள் வேண்டும் என்று காது டாக்டரைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு நேரமில்லை. என் மனைவியைக் கை காட்டிவிட்டார். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அரை மணி நேரம். அவள் முதலில் மாட்டேன் என்றாள், பிறகு பார்க்கலாம் என்றாள், அதற்கப்புறம் கண்ணாடி முன்னால் நின்று வணக்கம் சொல்லிப் பழக ஆரம்பித்துவிட்டாள்.

முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாளைக்கு நீங்க கண்டிப்பா கேக்கணும். முழுசா கேக்கணும்."

"இதென்ன கேள்வி? பொண்டாட்டி ரேடியோல பேசறா, கேக்காம இருப்பேனா?"

"மத்தவங்க எல்லாம் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்வாங்க. நீங்க இத்தனை வருஷமா உலகத்துல இருக்கிற ரேடியோ எல்லாம் கேட்டவரு. உள்ளதைச் சொல்வீங்க. சரியா வரலைன்னா அதோட விட்டுடறேன், எனக்கு ஒண்ணும் இல்ல." நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். "ஆனா எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்குங்க. இவ்வளவு வருஷமும் காது கேக்காதவங்ககிட்டயே பேசிட்டிருந்தாச்சு. கேக்கறவங்ககிட்ட பேசினா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"கவலையே படாத, நான் இருக்கேன்ல" என்றேன். பாம்புக் காது இருக்கும்போது என்ன கவலை?

ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் எட்டு ரேடியோக்கள் இருந்தாலும் அவற்றில் ஒன்றில்கூட எஃப்.எம். கிடையாது. எல்லாம் அது வருவதற்கு முந்தைய வால்வு ரேடியோக்கள். அவற்றில் பெரியது என் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. போட்டவுடன் பேசாது. சூடாக ஒரு நிமிடம் ஆகும், அதுவரைக்கும் உம்மென்று உறுமிக்கொண்டிருக்கும். கொடுத்தவரும் அப்படித்தான் என்பதால் அதற்கு மாமனார் என்றே பெயர் வைத்திருந்தேன். ஒன்பதாவதாக, சமையலறை அலமாரியில் என் மனைவியின் பிளாஸ்டிக் ரேடியோ ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு. வீட்டில் யாராவது உண்மையில் உட்கார்ந்து கேட்கும் ரேடியோ அது ஒன்றுதான். அதில் எஃப்.எம். வரும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் மன்றத்தின் துணைச் செயலாளரான நான் பிளாஸ்டிக் டப்பாவில் என் மனைவியின் முதல் ஒலிபரப்பைக் கேட்பதா? அந்தக் காலத்து ரேடியோக்களில் இசைத்தட்டுப் பெட்டியைச் சேர்ப்பதற்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள் இருக்கும். பிளாஸ்டிக் ரேடியோவின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அந்த ஓட்டைகளில் செருகினேன். அலமாரியிலிருந்து எஃப்.எம். கிளம்பி மாமனாரின் வாய் வழியாக வந்தது. புதன்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி இதைப் பார்த்தாள்.

"சின்ன ரேடியோலயே வருதே, அதுலயே கேட்டா என்ன?"

"அதுல கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதா?" என்றேன்.

பதினோரு மணிக்கு மாமனாரின் வாயிலிருந்து அவர் மகள் வணக்கம் சொன்னாள். எனக்கு ஒரு நிமிடம் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. டேப் ரெக்கார்டரில் சாட்சி ஒலிப்பதிவுக்கான பொத்தானை அமுக்கினேன். அவள் பெயர் சொன்னாள், ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள், காதுக்குள் குச்சி விடக் கூடாது என்றாள். ஒலிப்பதிவை நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். குரல் தெளிவாக இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல் இருந்தது. ஆளின் குரல் வருகிறது, சொற்களின் ஓரம் மட்டும் மழுங்கிப்போகிறது.

சும்மா விடுவேனா? டோன் நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினேன். ஒயரை மாற்றிச் செருகினேன். ஸ்பீக்கரின் முன்னால் இருந்த துணியை விலக்கினேன். காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்தேன். கம்பளி போகவில்லை. டோன் கண்டென்சர்தான் என்று முடிவு கட்டினேன். அதே கண்டென்சரை அந்த வருடத்தில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கண்டென்சரைக் கழற்ற வேண்டுமானால் ரேடியோவை அணைக்க வேண்டும். என் மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே, அவள் குரல் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, ரேடியோவை அணைத்தேன்.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு சூடானது. பழையதைக் கழற்றினேன். புதியதைத் தேடினேன், கிடைத்தது, வைத்தேன், பற்றவைத்தேன், ஊதினேன். மறுபடி ரேடியோவைப் போட்டேன். மாமனார் நிதானமாக உறுமினார். சூடானார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். என் மனைவியின் குரல் வந்தது.

"நன்றி, வணக்கம்" என்றாள். அப்போதும் கம்பளிக்குள்ளிருந்துதான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"முழுசாவா?"

"அட, கேட்டேங்கறேன்."

"எப்படி இருந்துச்சு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு விதமாகத்தான் பதில் வரும். "சிக்னல் நல்லா ஸ்ட்ராங்கா இருந்துச்சு. இரைச்சல் கிடையாது. ஏறி இறங்கறது கிடையாது. ஆனா குரல்ல தெளிவு போதாது. அவங்க மைக் சரியில்ல. நாளைக்கே சொல்லி மாத்தச் சொல்லு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற?"

"காதுக்குள்ள குச்சி விடக் கூடாதுன்னு சொன்ன."

"வேற?"

"ஆஸ்பத்திரிப் பேரு சொன்ன."

உலகத்தில் எந்த நிலையத்துக்கு இந்த இரண்டு விவரத்தை எழுதிப் போட்டாலும் அட்டை வந்துவிடும். என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு நிபுணரின் கருத்தை அமைதியாக ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இதைவிட முட்டாள்தனமாக ஒரு மனிதன் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். எஃப்.எம்.தான், ஆனால் வால்வு ரேடியோ வழியாக வந்தது என்று நான் விளக்கியதும் தீட்டுக் கழிந்தது. எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் தையல்காரர் உச்சுக்கொட்டினார்.

"தெளிவே இல்லீங்க."

"நானும் அதான் சொல்ல வந்தேன்" என்றார் வங்கிக்காரர். "இப்பல்லாம் எந்த ஸ்டேஷன்லயும் தெளிவு இல்ல. நம்ம காலத்துல மணி மணியா இருக்கும்."

"எனக்கு அந்த டிக் டிக்கே கொஞ்ச நாளா மந்தமா கேக்குது" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

பல் டாக்டர் மட்டும் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டம்மா பல் செட் கட்டியிருக்காங்களா? கட்டியிருந்தா கூட்டிட்டு வாங்க, பாத்துச் சரி பண்ணித் தரேன்."

அறுபதைத் தாண்டிய, தாண்டப்போகிற ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, உலகத்து வானொலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மங்கிவிட்டன என்று ஒரு குரலாகத் தீர்மானித்தோம். ஆறு பேரில் ஒருவருக்காவது வேறு யோசனை வர வேண்டுமே. வரவில்லை. மைக் பழுது என்று நிலையத்துக்கு எழுதலாம் என்றேன். தையல்காரர் அதை ஒப்புக்கொண்டு, "பேசற ஆளோட உச்சரிப்பும் காரணமா இருக்கலாம், ஆளை மாத்திப் பாக்கலாம்னும் போடுங்க" என்றார்.

"தலைவரே, பேசறது என் சம்சாரம்."

"அதனாலதான் சொல்றேன். எல்லாக் காரணத்தையும் எழுதணும். சொந்தக்காரங்கன்னு விட்டா மன்றத்துக்கு என்ன மரியாதை?"

மன்றத்தின் மரியாதை என்றதும் நான் விழுந்துவிட்டேன். எழுதினேன். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். நடுநிலை தவறக் கூடாது என்பதற்காக, பேசியவர் என் மனைவி என்பதைக் குறிப்பிடவில்லை. மறுநாள் காலையில் நானே நூலகத்து மாடிக்கு நடந்துபோய் வாசலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மனைவி வந்து கைப்பையை மேசைமேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"நாளைக்கு நிகழ்ச்சி கிடையாதாம்" என்றாள்.

"ஏன்?"

"நான் பேசறது புரியலைன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்காம். சாதாரண ஆளுங்க இல்லையாம், அனுபவம் உள்ள ரேடியோ சங்கமாம். ஆறு பேர் கையெழுத்து போட்டிருக்காங்களாம். புது ஸ்டேஷன், கேக்கறவங்களே கொஞ்சம் பேரு, அவங்க சொல்றதை எப்படித் தட்டறதுன்னு ஸ்டேஷனைப் பாத்துக்கற பொண்ணு ரொம்ப சங்கடப்பட்டுச்சு. வேற ஒருத்தரை வெச்சுப் பாக்கறாங்களாம்."

"நான் மைக்கைத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"லெட்டரைக் காட்டினாங்க. எழுத்து உங்க எழுத்துன்னு பார்த்தவுடனே தெரிஞ்சுது."

"தலைவர்தான் ஆளையும் சேர்த்துப் போடச் சொன்னாரு."

"சரி. நான் என்ன பேசினேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"குச்சி..."

"குச்சிக்கு அப்புறம்?"

அவள் எதிரே உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று நிகழ்ச்சியில் பேசியிருக்கிறாள். முப்பது வருடம் தண்ணீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் மோட்டார்களுக்கு நடுவில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதில் கீச்சுக் குரல் கேட்கும் பகுதியை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. அது அவருக்குத் தெரியாது. ரேடியோவில் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் ரேடியோவை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். கோபம் தலைக்கேறிவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்லணுமா? என் காதையா சொல்ற? என் காதை?"

"போன வருஷம் சொன்னேன். ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாம் வாங்கன்னேன். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க? ரேடியோல வந்தா நம்புவீங்கன்னு நெனச்சேன்."

"நாளைக்கே வரேன். டெஸ்ட் பண்ணு. யாருக்குக் கோளாறுன்னு பாத்துடலாம்."

"வாங்க. பதினோரு மணிக்கு வாங்க" என்றாள். "அந்த நேரத்துல எனக்கு வேலை ஒண்ணும் இல்ல இப்போ."

புதன்கிழமை அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் அப்படி ஒரு அமைதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டோடு என் மனைவி. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. இரைச்சலுக்கு நடுவில் நூலிழை போல வரும் நிலையங்களைப் பிடித்தவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? கண்ணை மூடினேன். மூச்சை அடக்கினேன். மெலிசாக ஒன்று கேட்டது. அமுக்கினேன். இன்னும் மெலிசாக ஒன்று. அமுக்கினேன். ரொம்ப ரொம்பத் தூரத்தில், வேறு யாருக்கும் கேட்க வாய்ப்பே இல்லாத ஒன்று. அமுக்கினேன். பெருமையோடு கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனில் அவள் குரல் வந்தது. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க."

அந்த நிமிடத்தில் எனக்கு உறைத்தது காதைப் பற்றி மட்டும் இல்லை. அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய அட்டைகள் வைத்திருந்தேன். அட்டை கிடைத்தவற்றையாவது கேட்டிருக்கிறேன். அட்டை வராத நிலையங்களும் எத்தனையோ உண்டு. எனக்குக் கேட்டது, அவர்கள் சோம்பேறிகள், பதில் போடவில்லை என்று மன்றத்தில் அவர்களைத் திட்டியிருக்கிறேன். அவற்றில் எத்தனை, என் ஆசையில் நானே கேட்டதாக நினைத்துக்கொண்டவை?

பிறகு ஒழுங்காகச் செய்தேன். கேட்டபோது மட்டும் அமுக்கினேன். நிறைய நேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கை பொத்தான்மேல் இருப்பது தெரிகிறது, அனுப்புகிறாள் என்பது தெரிகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் காகிதத்தைக் காட்டினாள். கட்டைக் குரல் பக்கம் கோடு ஒழுங்காகப் போய், கீச்சுக் குரல் பக்கம் வந்ததும் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம் போல விழுந்திருந்தது. அந்த மாதிரிப் படங்களைப் படிப்பது எனக்குப் பழக்கம்தான். ஸ்பீக்கர்களுக்கும் இப்படிப் போடுவார்கள்.

"இந்த மாதிரி ஒரு ஸ்பீக்கர் என்கிட்ட வந்திருந்தா தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன்" என்றேன்.

"நான் போடலையே" என்றாள். காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "காதுக்கு மெஷின் வெச்சா நல்லாவே கேக்கும். பயப்படாதீங்க." என் மேல் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. நிகழ்ச்சியைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்விட்டாள்.

அன்றைக்கே தையல் கடைக்குப் போய்க் காகிதத்தைக் காட்டினேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். தையல்காரர் கையில் இருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"உங்க காது போச்சுன்னா அது உங்க காது. எங்களை ஏன் இழுக்கறீங்க? எனக்கு அலையெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றார். அவர் மகள் பின்னாலிருந்து அவரை மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் கை காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் கூப்பிடறா" என்றார்.

எனவே மறுநாள் தனியாகத்தான் நூலகத்து மாடிக்குப் போனேன். நிலையப் பொறுப்பாளர் என் மகள் வயதுப் பெண். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய குட்டி அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு பேரில் முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். அவள் பயபக்தியோடு எழுந்து நின்றுவிட்டாள். மைக்கை மாற்றிவிட்டோம் சார் என்று வேறு சொன்னாள். எனக்கு அங்கேயே தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"மைக் நல்லாத்தாம்மா இருந்திருக்கும். பழுது இதுதான். பேசினவங்க என் மனைவி."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொள்வது தெரிந்தது. "அப்போ அவங்க நிகழ்ச்சியைத் திரும்ப வெச்சுக்கலாம்ங்கறீங்களா?"

"வெச்சுக்கணும்."

"நீங்க சொல்லிட்டீங்க. மத்த அஞ்சு பேரு?"

"வர மாட்டாங்க."

"அப்படின்னா ஒண்ணு பண்ணலாம் சார். அடுத்த புதன்கிழமை நீங்களும் அவங்களோட வந்து உக்காருங்க. இந்தக் காகிதத்தைப் பத்தி மைக்ல நீங்களே சொல்லிடுங்க. கம்ப்ளெய்ன்டுக்கும் பதிலாச்சு, கேக்கறவங்களுக்கும் பிரயோஜனம்."

ஊர் முழுக்கக் கேட்கும். எங்கள் மன்றத்தில் யாரும் எஃப்.எம். கேட்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கேட்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் செய்தி போய்விடும். பாம்புக் காது என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அது கிண்டலுக்குத்தான் இருக்கும். புதன்கிழமை வந்து மைக்கில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் அந்தப் பெண். "உள்ளதைச் சொல்லுங்க. அவங்க பேசறது எப்படி இருந்துச்சு? நல்லா பேசறாங்களா?"

என் மனைவி என்னிடம் கேட்ட அதே கேள்வி. அவள் கேட்டபோது சிக்னலைப் பற்றிச் சொன்னேன். இப்போது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன். "நான் இன்னும் கேக்கவே இல்ல."

அவள் அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைத் தேடி எடுத்தாள். பெரிய ஹெட்ஃபோன் ஒன்றை என் தலையில் மாட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, கீச்சுப் பக்கத்தையும் தூக்கி வைத்தாள். என் மனைவி வணக்கம் சொன்னாள். ஒரு வருடத்தில் முதல்முறையாக அவள் குரல் கம்பளியை உதறிவிட்டு வந்தது. என் கை பழக்கத்தில் மேசைமேல் நாப்பைத் தேடியது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். குச்சியைத் தாண்டினேன். பம்ப் ஹவுஸ் வந்தது. கண்டென்சர் வந்தது. நன்றாகப் பேசினாள். இடையில் அவளே சிரித்துவிட்டாள். கடைசியில், வீட்டில் என்னிடம் அவள் சொல்லாமல் விட்ட ஒன்று வந்தது.

"இவ்வளவும் அவர்கிட்டயே உக்கார வெச்சுச் சொல்லிட வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. சொல்லலாம். ஆனா அவருக்கு இருக்கிற ஒரே பெருமை அந்தக் காதுதான். அதைப் போய் மூஞ்சிக்கு நேரா நான் பிடுங்கணுமான்னு இருந்துச்சு. அதனால ஒரு வருஷமா நான் வீட்ல சத்தமாவே பேசிட்டிருக்கேன். வயசாக வயசாக எனக்குக் கோபம் ஜாஸ்தியாகுதுன்னு அவர் நெனச்சிட்டிருக்காரு. நெனச்சுக்கட்டும். தொண்டை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். நன்றி, வணக்கம்."

நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறேன். என் சம்சாரத்துக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கத்தல்தான் என்று சொல்லி, தையல் கடை மாடியில் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அந்தப் பெண் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றேன்.

"கேக்கலையா சார்? இன்னும் சத்தம் வைக்கட்டுமா?"

"வேண்டாம்மா. கேட்டுச்சு" என்றேன்.